அதே அளவு விசை

இன்று காலை லேப் பீரோவைத் திறந்ததும் துருவும் அந்துருண்டையும் கலந்த வாடை அடித்தது. உள்ளே இரண்டு சுருள்வில் தராசுகள், ஒன்றின் கொக்கியில் இன்னொன்று மாட்டியபடி கிடந்தன. போன வருஷம் நாம் இழுத்துவிட்டு அப்படியே வைத்தவை. எனக்கு அழுகை வரவில்லை. உன்மேல் கோபம்தான் வந்தது.

நீ கணக்கு டீச்சர். நியூட்டனின் மூன்றாம் விதியில் உனக்கு என்ன வேலை? ஆனாலும் பதினொன்றாம் வகுப்புக்கு நான் அதை நடத்தும் நாளில், உன் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவாய். ஒரு தராசு உன் கையில், மற்றது என் கையில். "குண்டு மிஸ் பக்கந்தான் அதிகமா காட்டும்" என்று கடைசி பெஞ்சு கத்தும். கேட்டு நீதான் முதலில் சிரிப்பாய். பிறகு மூச்சைப் பிடித்து இழுப்பாய். இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும். "பாத்தியாடி, நான் இன்னா இழு இழுத்தாலும் ஒனக்கும் அதேதான் காட்டுது" என்பாய்.

இந்த வருஷம் உன் இடத்தில் ஒரு மாணவியை நிறுத்தினேன். உன் மகளை அல்ல. அவள் இப்போது என் வகுப்பில், முதல் பெஞ்சில் இருக்கிறாள். முள் இரண்டும் சரியாகவே நின்றன. இந்த இடத்தில் எப்போதும் யாராவது எழுந்து, லாரியும் டூ வீலரும் மோதினால் இரண்டுக்கும் ஒரே விசையா என்று கேட்பார்கள். இந்த முறை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அனந்தபுரம் ரோட்டில் ஜல்லி லாரி உன் ஸ்கூட்டியில் மோதியது செஞ்சி ஊருக்கே தெரியும். நானும் அந்த உதாரணத்தை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

உன் மகள் எழுந்துவிட்டாள்.

"மிஸ், அந்த லாரி அம்மாவ எவ்ளோ தள்ளுச்சோ, அம்மாவும் லாரிய அவ்ளோ தள்ளியிருப்பாங்களா?"

"ஆமாம்மா. அதே அளவு."

"அப்ப லாரிக்கு மட்டும் ஏன் மிஸ் ஒண்ணும் ஆவல?"

நிறை, முடுக்கம் என்று தொடங்கப் போனேன்.

"அது பெருசும்மா. தாங்கிக்குச்சு."

மேசைமேல் கிடந்த தராசுகளைப் பார்த்தாள். "ஆனா அம்மா தள்ளுனது நெசந்தானே மிஸ்?"

"நெசம்தான்."

அது போதும் என்பதுபோல உட்கார்ந்துகொண்டாள். எனக்குத்தான் போதவில்லை. வீடு வந்து சேர்ந்தும் அந்தப் பிள்ளையின் கேள்வி என்னை விட்டு இறங்கவில்லை. இனி இறங்கவும் போவதில்லை. விதி சரி, நான் சொன்ன விடை சரி, உன் மகளுக்கு அம்மா இல்லை.