கைப்பை உட்கார்ந்த இடம்

பிப்ரவரி 4, செவ்வாய்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஏழே காலுக்குச் சர்க்கரை டப்பாவில் ரப்பர் வளையம் மாட்ட அனுமதி வழங்கினேன். உப்பு டப்பா இப்போதுள்ள நிலையிலேயே தொடரும். முடிவெடுக்க ஆறு நாட்கள் ஆயின. அவற்றில் மூன்று நாள், முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக இருந்த ஒருத்தி உப்புப் போட்ட சோளக் கஞ்சியை வாய் திறவாமல் குடித்தாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வளையத்தைக் கொண்டுவந்தவள் செலாசி. மருத்துவமனையின் கண் பிரிவிலிருந்து புதன்தோறும் வருகிறாள். அவள் செய்வதற்குத் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர். ஓய்வு பெற்றவளுக்கு ஏது தொழில் என்று கேட்டேன்.

“கஞ்சி காய்ச்சறது, குளிக்கறது, சர்ச்சுக்குப் போறது. அதெல்லாம்தான்மா உங்க தொழில்” என்றாள்.

கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையைத் தின்றுகொண்டிருக்கிறதாம். டாக்டர் சொல்கிறார். நான் செய்தித்தாளில் மரண அறிவிப்புகளின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறேன். எனவே வெள்ளைக் கோல் தொடர்பான செலாசியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆலயம். நான்காவது வரிசையில், முப்பது ஆண்டுகள் நான் உட்கார்ந்த இடத்தில், வழக்கம்போல அஜெய்வாவின் கைப்பை உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடமாக ஒரு ஆராதனையும் தவறவிட்டதில்லை. எங்கள் கோஃபோரிடுவா ஊரில் இவ்வளவு பக்தியுள்ள கைப்பை வேறு கிடையாது. நான் பதினோராவது வரிசையில், தூணுக்குப் பின்னால்.

புருஷன் போய் வீடு தன் பேருக்கு வந்ததிலிருந்து அவளுக்கு இந்தத் திமிர். ஒன்றாகப் படித்தோம். என் கணவர் மருத்துவமனையில் கிடந்த பத்து நாளும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். இப்போது தெருவில் எதிரே வந்தால் ஒரு சொல் கிடையாது.

அவள் மட்டுமா? ரொட்டிக்காரி, உபதேசியார், தையற்காரர் என்று ஊரே மரியாதை கெட்டுப்போயிருக்கிறது. போன ஆண்டு பெண்கள் ஐக்கியத்தில் ‘வணக்கம் சொல்லும் பண்பு அழிந்துவருவது’ பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். ஒருவரும் கைதட்டவில்லை. தலைப்பை அவர்களே நிரூபித்தார்கள்.

பிப்ரவரி 12, புதன்

செலாசி என் மேசையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்தாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“என் மூக்கைப் பாருங்க. தலையைத் திருப்பாம கோப்பை எத்தனைன்னு சொல்லுங்க.”

ஐந்து என்றேன்.

“கையால தொட்டு எண்ணுங்க.”

ஏழு.

அவள் இரண்டைப் புதிதாக வைத்துவிட்டாள் என்றேன். அவள் கைகளைத் தூக்கிக் காட்டினாள். மறுபடி மூக்கைப் பார்த்தேன். ஐந்து. என் விரல் ஆறாவது கோப்பையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இருட்டு இல்லை, ஓட்டை இல்லை. மேசை விரிப்பு தெரிந்தது. பூக்களோடு தெரிந்தது.

“மூளை தானா நிரப்பிடும்மா. பக்கத்துல என்ன இருக்கோ அதையே இழுத்துப் போத்திடும். அதான் உங்களுக்கு எதுவும் குறையற மாதிரி தெரியல.”

“எவ்வளவு நாளா?”

“டாக்டர் கணக்குப்படி நாலு வருஷமாவது இருக்கும்.”

இல்லாத பூக்களை நான் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் வேறென்ன இருக்கிறது, எனக்குத் தெரியாமல்?

பிப்ரவரி 13, வியாழன்

ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்தவரிடம் நகர்வது — துக்க வீட்டில் நாம் செய்வது அதுதானே. வலக்கைப் பக்கம் தொடங்கி, நாற்காலி நாற்காலியாக, ஒருவரையும் விடாமல் கை கொடுத்துப் போக வேண்டும். விட்டால் அது வாயால் திட்டுவதைவிட மோசம்.

விடியும்போதே இந்த நினைப்பு வந்துவிட்டது. கொனாடுவைக் கூப்பிட்டேன். என் அண்ணன் மகள். என்னோடுதான் இருக்கிறாள், சந்தையில் துணிக்கடை.

“அஜெய்வா புருஷனோட துக்கத்துல அஜெய்வா எங்கே உட்கார்ந்திருந்தா?”

“எங்கே உட்காருவாங்க? செத்தது அவங்க புருஷன். முன்வரிசைலதான், அவங்க அண்ணனுக்குப் பக்கத்துல.”

“வீட்டுக்குள்ளேதானே இருந்தா. அழுதுகிட்டு.”

“அத்தை, காலங்காத்தால விளையாடாதீங்க.”

“நான் கை குடுத்தேனா இல்லையா?”

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். “அண்ணனுக்குக் குடுத்தீங்க. அந்தம்மா கையை நீட்டினாங்க. நீங்க தாண்டிப் போய் அடுத்த நாற்காலிக்குக் குடுத்தீங்க. நீட்டின கை அப்படியே இருந்துச்சு. அப்புறம் முக்காட்டைச் சரி பண்ற மாதிரி இழுத்துக்கிட்டாங்க.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“நீங்க பண்ணினதை நீங்களே மறந்துட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாடகர் குழு சீருடைக்காக அதுக்கு முந்தின மாசம்தான் ரெண்டு பேரும் கத்திக்கிட்டீங்க. வேணும்னே பண்ணீங்கன்னு நினைச்சேன். ஊரே அப்படித்தான் நினைச்சுது. உங்க நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்னு எங்கிட்டயே பெருமையா சொன்னாங்க சில பேரு.”

புருஷன் செத்து ஏழாம் நாள் துக்கம்; எங்கள் வழக்கத்தில் அடக்கம் அதற்குப் பல வாரம் கழித்துத்தான். நீட்டின கை. நான் எங்கே பாத்துக்கிட்டிருந்தேன்? காலி நாற்காலியைக்கூடப் பார்த்த ஞாபகம் இல்லையே. துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணியும் சிவப்புத் துணியும் இடைவெளி இல்லாமல் தெரிந்தன. அவளையும் நானே போர்த்திவிட்டேனா?

பிப்ரவரி 14, வெள்ளி

இரண்டு ஆண்டுகளில் என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள்: பத்தொன்பது பேர். நாற்பது நிமிடம் பேசினேன் அவர்களிடம். வணக்கம் பற்றி.

பிப்ரவரி 15, சனி

கொனாடுவைக் கூட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் முறைப்படி ஒரு பாட்டில் ஜின்னோடு அஜெய்வா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார வைத்தாள். தண்ணீர் வந்தது, குடித்தோம். அதன் பிறகே வந்த காரியம் என்னவென்று கேட்டாள். வழக்கப்படி எனக்காகக் கொனாடு எழுந்து சொன்னாள்: கண், அழுத்தம், கோப்பைகள், பூக்கள். நன்றாகச் சொன்னாள்.

அஜெய்வா எதிர்ச் சுவரைக் காட்டினாள். முப்பத்தைந்து வருடம் மருத்துவச்சியாக இருந்த குரல். “ஓஃபோசுவா, அந்தக் காலண்டர்ல என்ன போட்டிருக்கு? படி.”

படித்தேன். மாதம், வசனம், கீழே அச்சகத்தின் தொலைபேசி எண். பத்து இலக்கமும் சரியாக.

“அச்சடிச்சவன் போன் நம்பர் தெரியுது. என் கை தெரியலையாம்.” கொனாடுவைப் பார்த்துத்தான் சொன்னாள். “என் புருஷனை அடக்கம் பண்றதுக்கு முன்னாடி என்னைப் பத்துப் பேர் பாக்க அவமானப்படுத்தினா. ரெண்டு வருஷம் உட்கார்ந்து யோசிச்சு வியாதி கண்டுபிடிச்சிருக்கா. உங்க அத்தை எப்பவும் நல்லா படிக்கறவதான்.”

படிக்காமல் இருந்திருக்க வேண்டும். கேட்டதும் படித்துவிட்டேன். என்ன புத்தி இது? எழுபத்தோரு வயதிலும் யாராவது ‘படி’ என்றால் முதல் மார்க் வாங்கத் தோன்றுகிறது.

பாட்டில் எங்கள் பின்னாலேயே வாசலுக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

செலாசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுவே எனக்கு அதிர்ச்சி.

“நேரா இருக்கறது நல்லாத் தெரியும். அதனாலதான் யாரும் நம்ப மாட்டாங்க. வீட்டுக்கு வீடு இதே சண்டைதான்மா.”

பையிலிருந்து ஒரு கண்ணாடி எடுத்தாள். கறுப்பு அட்டை ஒட்டி, நடுவில் மட்டும் துளை. நோயாளியின் வீட்டார் போட்டுப் பார்ப்பதற்காக வைத்திருப்பதாம். கொனாடு சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வாளியில் இடித்தாள். கதவில் இடித்தாள். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை.

“இதோடயா அத்தை தினமும் ரோட்டைத் தாண்டறீங்க?”

“எனக்குக் கறுப்பு அட்டைகூடத் தெரியறதில்லை” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பாடம். ஆட்கள் இருக்கும் இடத்துக்குள் நுழைந்தால் நிற்க வேண்டும். தலையை வலமிருந்து இடமாக, கூட்டுகிறவள் துடைப்பத்தை நகர்த்துவது போல, நிதானமாகத் திருப்ப வேண்டும். புறங்கையால் நாற்காலி முதுகைத் தொட்டுக்கொண்டே நகர வேண்டும். முற்றத்தில் ஏழு நாற்காலி போட்டுப் பழகினோம். ஏழுக்கும் கை கொடுத்தேன்.

வெள்ளைக் கோல் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்க அனுமதி.

பிப்ரவரி 21, வெள்ளி

செலாசி மேசைமேல் விட்டுப்போன கண்ணாடியைக் காணவில்லை. கொனாடுவைக் கேட்டேன்.

“நேத்து சாயங்காலம் அஜெய்வா அம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். போட்டுப் பாருங்கன்னேன்.”

யாரைக் கேட்டு? — என்று கத்தினேன். அப்புறம், “என்ன சொன்னா?”

“போட்டுக்கிட்டு முற்றத்துல நடந்தாங்க. என்னை ஒரு பக்கமா நின்னு கையை நீட்டச் சொன்னாங்க.”

“அப்புறம்?”

“ரொம்ப நேரம் நீட்டிக்கிட்டே நின்னேன். கண்ணாடியைத் திருப்பிக் கேட்டேன், இன்னும் வேணும்னாங்க.”

பிப்ரவரி 22, சனி

கோலுடன் தெரு முனைவரை. ரொட்டிக்காரி தானே கூப்பிட்டாள்: “ஐயோ அம்மா, எப்பலேர்ந்து?” நான்கு வருடம் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்தொன்பதில் ஒன்று.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை எட்டரைக்கு வெள்ளைக் கோலுடன் ஆலயத்துக்குப் போனேன். நடுவழியின் தொடக்கத்தில் நின்று, தலையை வலமிருந்து இடமாகத் திருப்பினேன். இத்தனை நாள் வராத பலர் இன்று வந்திருந்தார்கள்.

பெஞ்சு முதுகுகளைப் புறங்கையால் தொட்டபடி நடந்தேன். பதினொன்றில் கொனாடு நின்றாள். நான் நிற்கவில்லை. ஏழு, ஆறு, ஐந்து.

நான்காவது வரிசையில் கோல் மெத்தென்று எதிலோ தட்டியது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். தோல், பித்தளைக் கொக்கி. கைப்பை தரையில் இருந்தது.