தாத்தா காட்டிய இடம்

ஆரணி, 12-8-79

அன்புத் தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முதியோர் பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. இது என் கையாலேயே எழுதியது.

படவேட்டுப் பக்கம் பழங்காலத்தில் செத்தவர்களைப் புதைத்த தாழிகளை நூறு வருடம் முன்பு தோண்டி ஆராய்ந்த வெள்ளைக்காரத் துரையைப் பற்றி நூலகத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் கிடைத்தது. நம் எல்லப்பன் தாத்தாதான் அவருக்கு வழிகாட்டினார் என்று அன்று நீ சொன்னபோது, "பொணக்குழி தோண்டினவன் பேச்ச எடுக்காதடா, மானம் போவுது" என்று சந்தையில் உன்னை அடித்தேன்.

துரை எழுதியது அந்தப் புத்தகத்தில் இருக்கிறது: "எல்லப்பன் கோழி அறுத்து, செத்தவர்களிடம் அனுமதி கேட்கும்வரை என்னை மண்ணைத் தொடவிடவில்லை. அவன் காட்டிய இடத்தில்தான் எல்லாம் கிடைத்தது."

நீ சொன்னதுதான் நிஜம்! மூன்று முறை சத்தமாகப் படித்தேன். "யாருக்குயா படிச்சிகினு கீற?" என்றாள் உன் அண்ணி. "தம்பிக்கு" என்றேன்.

நீ பதில் போடாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன்.

உன்னை அடித்த அண்ணன்