இரண்டாம் இடத்தில் இருவர்

மார்ச் 6, 2001. செவ்வாய்

இன்றும் அதே பிழை. மருத்துவமனையின் டயாலிசிஸ் காத்திருப்பு வரிசைக்காக நான் எழுதிய ப்ரோகிராம் அது. அவசர நோயாளி ஒருவரை மூன்றாம் இடத்தில் சேர்த்தால், மூன்றிலிருந்து கடைசிவரை எல்லாரும் ஓர் இடம் பின்னால் போக வேண்டும். ஒரே கட்டளை, எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டு. ஓர் எண் இருவருக்கு இருக்கக் கூடாது என்று டேட்டாபேஸ் டேபிளில் விதி வைத்திருக்கிறேன். அந்த விதிதான் தடுக்கிறது. ஆபீசில் ஒழுங்காக ஓடியது. இங்கே சில நாள் ஓடுகிறது, சில நாள் முரண்டு பிடிக்கிறது. ஏன்?

பெங்களூர் வந்த பிறகு நான் அதிகம் பேசுவது இந்தத் திரையோடுதான்.

மார்ச் 8

பிடிபட்டது. எல்லாரையும் நகர்த்தி முடித்த பிறகுதான் சரிபார்க்கும் என்று நம்பியிருந்தேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான். நாங்கள் வாங்கிய டேட்டாபேஸ் ஒவ்வொருவரையும் நகர்த்திய கையோடு பார்க்கிறது. மூன்று நான்காகும்போது பழைய நான்கு இன்னும் அங்கேயே இருக்கிறது - மோதல். கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்தால் மோதாது. ஆனால் யாரிலிருந்து ஆரம்பிக்கும் என்பது அதன் இஷ்டம்.

என் சீனியர் ப்ரஹ்லாத் போனில் சொன்னார்: "அந்த விதியையே எடுத்துடு சிந்து. கவுண்ட்டர்ல கத்தறாங்க."

"ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் விழுந்துட்டா சார்?"

"விழுந்தா அப்ப பாத்துக்கலாம்."

எடுத்துவிட்டேன். இப்போது பிழையே வருவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, ஞாயிறு

வீட்டுக்காரர் மதலைமுத்து குடும்பத்தோடு மாதா கோயிலுக்குப் போய்விட்டார். காக்ஸ் டவுன் முழுக்க மணிச்சத்தம். கிருஷ்ணகிரிக்கு போன் போட்டேன். அக்கா வந்திருக்கிறாளாம், வீடு நிறைய ஆள். அம்மா, "அப்புறமா பேசறேன்டி" என்றாள். பேசவில்லை.

மார்ச் 20

மனசே சரியில்லை.

காரிடாரில் எப்போதும் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயதிருக்கும். சிவாஜிநகரில் ஜாக்கெட் தைக்கிறவர். காத்திருக்கும்போதும் ஊக்கு கட்டிக்கொண்டே இருப்பார். இன்று ஊசி மடியில் கிடந்தது. முகம் வீங்கியிருந்தது.

"நீதான கம்ப்யூட்டர் பொண்ணு? போன வாரம் எனக்கு ரெண்டாம் நம்பர்னாங்க. இப்ப பேரே இல்லங்கறாங்க. அப்ப என்னை எப்பம்மா கூப்புட்டாங்க?"

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். பேர் ரத்தினம்மாள். இரண்டு கவுண்ட்டரிலும் ஒரே நேரத்தில் இவரையும் இன்னொருவரையும் பதிந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே எண். அந்த எண் நகர்ந்து நகர்ந்து முன்னுக்கு வந்ததும், கூப்பிட்டது ஒருவரை. கூப்பிட்டாயிற்று என்று குறித்தது இருவரையும். அந்த விதி இருந்திருந்தால் அதே எண்ணில் ரெண்டாவது பதிவே விழுந்திருக்காது. ஐயோ, அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குது. அதுக்கு மேல பேச முடியல.

டியூட்டி டாக்டரிடம் நேரே போய், தப்பு எங்கள் ப்ரோகிராமில் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "அடுத்து காலியாகற இடம் அவங்களுக்குத்தான்" என்றார். எப்போது காலியாகும்? அது யாருக்கும் தெரியாது.

மார்ச் 21

வழி கிடைத்தது. முதல் கட்டளையில் நகர வேண்டியவர்களுக்கெல்லாம் புது எண்ணை மைனஸில் கொடுப்பது. மூன்று என்பது மைனஸ் நான்காகும். அந்தப் பக்கம் யாருமே இல்லை, யாரோடும் மோதாது. இரண்டாவது கட்டளையில் மைனஸை எடுத்துவிட்டால் ஆளாளுக்கு அவரவர் இடம். இரண்டும் சேர்ந்தே நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. விதியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

ப்ரஹ்லாத்: "யாரைக் கேட்டு வெச்சே?"

"யாரையும் கேக்கல சார். இனிமே எடுக்கவும் மாட்டேன்."

"சரி, டெஸ்ட் பண்ணிட்டியா?" என்றார்.

மார்ச் 24

இடம் காலியாகவில்லை. சனிக்கிழமை வேலை இல்லை, ஆனாலும் போனேன். ரத்தினம்மாள் பெஞ்சில் சாய்ந்திருந்தார். "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பேர் கேட்டார், சொன்னேன். நான் இங்கே வந்தபின் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை என்று பஸ்ஸில்தான் தோன்றியது.

மார்ச் 27

காலையில் ரத்தினம்மாளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இனி செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு மெஷின் உண்டு.

ஏப்ரல் 6

மருத்துவமனை வேலை முடிந்தது. ப்ரோகிராம் ஒழுங்காக ஓடுகிறது, யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. திங்கள் முதல் ஆபீசில் ஒரு கிடங்குக் கணக்கு. ஜன்னல் பக்கம் நாற்காலி. பக்கத்தில் ஆள் இல்லை.

ஏப்ரல் 17, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டேன். ப்ரஹ்லாத் காரணம் கேட்டார். சொந்த வேலை என்றேன்.

டயாலிசிஸ் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே புது நர்ஸ். "கூட யாரும்மா வந்திருக்காங்க? ஆள் இல்லாம ஆரம்பிக்க மாட்டோம்."

ரத்தினம்மாள் வாசல் பக்கம் மோவாயைக் காட்டினார். "அதோ, சிந்து. என்கூட வந்ததுதான்."

எழுந்து உள்ளே போனேன்.