கடலுக்கு மடை அடைக்கப் போனவர்

தை 6, செவ்வாய்

நல்ல வெயில். காற்றெல்லாம் உப்பு. கொச்சியில் விமானம் ஏறி மாலத்தீவு, அங்கிருந்து படகு. மகள் சுமதிக்கு இந்தத் தீவு ஓட்டலில் கணக்கு வேலை. வேலை செய்பவர்களின் அப்பா அம்மா வந்து தங்கலாமாம். இல்லையென்றால் நமக்கு ஏது இந்த வீடெல்லாம்.

வீடு கடலுக்குள். மரக்கால் நட்டு, மேலே ஓலைக் கூரை. நம் தோட்டத்துச் சாளைக் குடிசை மாதிரியேதான், அடியில் தண்ணீர். தரையில் கண்ணாடி, கீழே மீன். குழம்பு வைக்கத்தான் வழியில்லை.

படகை விட்டு இறங்கியதும் இவர் நெஞ்சில் கை. ஐப்பசியில் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அந்தக் கை அங்கேதான். எல்லாம் சரியாகிவிட்டது, நடங்கள், தோட்ட வேலை பாருங்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. இவர் கேட்டால்தானே. குடிக்கிற தண்ணீர்கூட நான் எடுத்துத் தர வேண்டும்.

தை 7, புதன்

மரப்பாலத்தில் கரை வரை நடக்கலாம் என்று சுமதி கூப்பிட்டாள். இவர் வாசல் வரை வந்தார், திரும்பிவிட்டார். மூச்சு வாங்குமாம்.

"ஏனுங்க, கட்டல்ல படுக்கறதுக்கா ஏரோப்பிளான்ல வந்தோம்? நம்மூட்டுக் கட்டலயே கெணத்து மேல போட்டிருப்பனே."

சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் ஒன்பதாகத் திருப்பித் தருவார்.

சாப்பாடு: பப்பாளி, ரொட்டி, பெயர் தெரியாத மீன். ஊறுகாய் கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

குளியலறையில் கொஞ்சம் அழுதேன். உடம்பு தேறிய மனுசன், பயத்திலேயே உட்கார்ந்து போய்விடுவாரோ. முகம் கழுவி வந்து மறுபடி கிண்டல்.

தை 8, வியாழன்

அலை கூடுதல். மத்தியானம் இவர் தூக்கம். வீட்டுக்கு அடியில் தண்ணீர் சளசளவென்று ஒரே சத்தம். திடீரென்று எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தண்ணி வந்துருச்சு புள்ள. மட ஒடஞ்சிருக்குது. மம்பட்டி எங்க வெச்ச?"

ஊரில் எங்கள் தென்னந்தோப்புக்கு வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர். முறையைத் தவறவிட்டால் தோப்பு காயும். தூக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே ஓடுகிற ஆள்.

நான் வாய் திறப்பதற்குள் ஏணி வழியே இறங்கி, இடுப்பளவு கடலில். குனிந்து மணலை அள்ளி அள்ளிப் போடுகிறார். அலை கரைத்துக்கொண்டே போகிறது. அப்புறம் நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.

ஏணி உச்சிக்கு ஓடினேன். இப்போது நெஞ்சைப் பிடிப்பார், இப்போது பிடிப்பார். இரண்டு கையிலும் மணல்.

"மூச்சு வாங்குதுங்களா?"

இழுத்து விட்டுப் பார்த்தார். இன்னொரு தடவையும். "இல்ல புள்ள. ஒண்ணும் பண்ணுல."

அதற்குப் பிறகுதான் எனக்குக் கிண்டல் வந்தது. "அப்ப முழுசா அடச்சுப்போட்டே வாங்க. சமுத்திரம் எங்கியும் போயிராது."

"மேல நின்னுட்டு மேஸ்திரி வேல பாக்காத. எறங்கி வந்து மண்ணத் தள்ளு."

திருப்பித் தந்துவிட்டார். சேலையோடு இறங்கினேன்.

தை 9, வெள்ளி

மேகம் இல்லை. முழித்தபோது கட்டிலில் ஆள் இல்லை. எழுந்து ஓடினேன். வெளியே வந்தால், மரப்பாலத்துக் கடைசியில் மடித்துக் கட்டிய வேட்டி, கரையைப் பார்த்து நடை. கூப்பிடவில்லை.

சுமதி போன் செய்தாள். தென்னையை நெருக்கி நட்டிருக்கிறார்கள் என்று ஓட்டல் தோட்டக்காரரிடம் அப்பா சண்டை பிடிக்கிறாராம். பிடிக்கட்டும்.

மூட்டை கட்டணும். ஈர வேட்டி, ஈரச் சேலை தனியாக. ஊறுகாய் மிச்சம் சுமதிக்கு.

வந்ததும் தண்ணீர் கேட்டார். எடுத்துக் குடிங்க என்றேன். எடுத்துக் குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டு வந்தார், பாதியைச் சிந்தி.