நான் அடுப்படியில் இருந்து ஜெயித்த மேட்ச்

திண்டுக்கல்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் இருளப்பனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே மோட்டாரைத் தவிர எல்லாரும் நலம், கனடாவில் நீ குளிரில் விறைக்காமல் நலமாக இருக்கக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், நீ சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டைக்குள்ளேயே போய்விடும். சாணார்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக எழுதிப் பழகிய கைதான், எழுத்து இன்னும் கோணவில்லை, பொறுமையாகப் படி.

முதலில் ஊர்ச் சேதி. மோட்டார் காயில் போய்விட்டது என்று கழற்றிக்கொண்டு போனவன் இன்னும் திரும்பவில்லை, அதுவரை பக்கத்து வீட்டு பெலிக்ஸ்தான் அவன் வீட்டிலிருந்து டியூப் போட்டு நம் தொட்டியை நிரப்பித் தருகிறான். உன்னோடு படித்தவன் என்ற பாசம் அவனுக்கு இன்னும் இருக்கிறது, செல்போன் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது அத்தை சாப்பிட்டாச்சா என்று ஒரு குரல் கொடுக்காமல் போக மாட்டான். வத்தலக்குண்டில் உன் அத்தை மகள் ஸ்ரீமதிக்கு வளைகாப்பு நடந்தது, போய் வந்தேன். வளையல் போடும்போது நான் பந்திப் பக்கம் போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, உன் அப்பா போன பிறகு எந்த இடத்தில் எப்போது நகர வேண்டும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. சாப்பாடு நன்றாக இருந்தது, பாயசத்தில்தான் இனிப்புக் கம்மி.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். நீ அந்தப் பெரிய டிவியை வாங்கி அனுப்பியபோது எனக்கு எதற்குடா இம்புட்டுப் பெருசு என்று உன்னைத் திட்டினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மேட்ச் என்றால் தெருவே நம் வீட்டுக் கூடத்தில்தான். அதுவும் பாகிஸ்தானோடு மேட்ச் என்றால் வாசலில் செருப்புக்கு இடம் இருக்காது. மற்ற நாளில் அந்த வாசலில் என் செருப்பு மட்டும்தான் கிடக்கும், சமையலும் ஒரு கரண்டி, பேச்சும் பல்லியோடுதான். மேட்ச் அன்று பெரிய குக்கரைத் தேடி எடுத்துச் சுண்டல் வைப்பேன், டீ போடுவேன், பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்ட காலத்துத் தெம்பு வந்துவிடும். இரண்டு நாடும் முறைத்துக்கொண்டு நிற்பது நல்லதில்லைதான். ஆனால் அவர்கள் முறைத்துக்கொண்டு விளையாடினால்தானே என் வீட்டில் ஆள் சத்தம் கேட்கிறது, நான் என்ன செய்யட்டும். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்றுகூட வேண்டிக்கொள்வேன், இதை பெலிக்ஸிடம் சொல்லிவிடாதே.

போன வருசம் ஒரு மேட்சில் நான் டீத் தட்டோடு கூடத்துக்குள் வந்த நேரம் நம் ஆள் ஒருவன் அவுட். சரி என்று உள்ளே போய்விட்டுச் சுண்டலோடு வந்தால் இன்னொருவன் அவுட். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெலிக்ஸ் சிரித்துக்கொண்டே, அத்தை, செத்த நேரம் உள்ளயே இருங்க, உங்க ராசி அவிங்களுக்கு வேலை செய்யுது என்றான். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். போன கையோடு அங்கே சிக்ஸ் அடித்துவிட்டான் பாவி. அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. சட்டம் எனக்கு மட்டும் இல்லை, பெலிக்ஸ் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவான், தோல் மண்டி சௌகத் அலி அண்ணன் காலை மடக்கி உட்கார்ந்த நேரம் பவுண்டரி போனால் அந்த மனுசனை ஒன்றுக்குப் போகக்கூட விட மாட்டார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் கூடத்துக்குள் இருக்கிறார்கள், நான் ஒருத்திதான் வெளியே. கல்யாண வீட்டில் ஒதுங்கி நில் என்றால் சாத்திரம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கிரிக்கெட்டுக்கும் அந்தச் சாத்திரம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்சை நான் முழுக்க அடுப்படியில் இருந்தே கேட்டேன். காதால் கேட்டே எல்லாம் புரிகிறது, பந்து எல்லைக்குப் போனால் ஒரு சத்தம், கேட்சை விட்டால் ஒரு சத்தம், அவுட் ஆனால் சத்தமே இல்லை. சௌகத் அலி அண்ணன் குரல்தான் எப்போதும் பெரிதாகக் கேட்கும். மற்றவர்கள் கத்தி ஓய்ந்த பிறகும் அவர் இன்னும் கொஞ்சம் கத்துவார், அது ஏன் என்று உள்ளே தனியாக நின்று கேட்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்தான் நடுவில் அடுப்படி வாசலுக்கு வந்து, தங்கச்சி, இது உன் வீடு, வந்து உக்காரும்மா, தோத்தா தோத்துட்டுப் போகுது என்றார். உடனே கூடத்திலிருந்து ஒரு குரல், பாய் இதைச் சொல்லலாமா என்றது. விளையாட்டாகத்தான் கேட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். போய் உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசி அந்த மனுசன் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் நீ கூப்பிட்டாய். பெலிக்ஸ் போனில் உன் குரல் கேட்டது. அங்கே உனக்குக் காலை நேரம், சிநேகிதர்களோடு பார்க்கிறாய் போல, பின்னால் ஒரே சத்தம். அந்த வாரம் முழுக்க நீ என்னிடம் பேசவில்லை அப்பு, வேலை அதிகம் என்று மெசேஜ் மட்டும் போட்டிருந்தாய். உன் குரலைக் கேட்டதும் ராசியாவது ஒன்றாவது என்று ஈரக் கையோடு ஓடி வந்தேன். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றுதான். நிலைப்படிக்கு வருவதற்குள் கூடமே அத்தை அத்தை என்று அலறியது, அதற்கு மேல் உன் குரல், அம்மா வராதம்மா, உள்ள போம்மா, இன்னும் ரெண்டு ஓவர்தான்மா என்றது. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. நான் அப்படியே திரும்பிப் போய்விட்டேன். பெலிக்ஸ் போனை டிவிப் பக்கம் பிடித்திருந்தான், எனக்குத் தெரிந்தது அதன் முதுகுதான்.

மேட்சில் ஜெயித்துவிட்டோம். எல்லாரும் அடுப்படிக்குள் ஓடி வந்து, அத்தை உள்ள இருந்ததாலதான் இந்தியா ஜெயிச்சது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஒருத்தி என் கன்னத்தைக்கூடக் கிள்ளினாள். உன்னிடம் பேசலாம் என்று போனைக் கேட்டேன், நீ ஏற்கெனவே வைத்துவிட்டாய் என்றான் பெலிக்ஸ். பிறகு கொடியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிளம்பிவிட்டார்கள், அங்கே வெடி போட்டார்களாம். நான் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் திரும்பத் திரும்பக் காட்டியதைப் பார்த்தேன். எந்தச் சத்தம் எந்தப் பந்துக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. சுண்டல் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. நீ கூப்பிடுவாய் என்று போனை மடியிலேயே வைத்திருந்தேன்.

நேற்று பெலிக்ஸ் வந்தான். அடுத்த மாதம் மறுபடியும் அவர்களோடு மேட்ச் வருகிறதாம். அத்தை, பாவம் உள்ள வேர்த்துக்கிட்டு நிக்கிறீங்க, அடுப்படியில ஒரு ஃபேன் மாட்டித் தாரேன் என்று சுவரை அளந்துவிட்டுப் போனான். பாசத்தில்தான் சொன்னான், எனக்குத்தான் அழுகை வந்தது. சரிப்பா என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னாய் என்று கோபப்படாதே. மாட்டேன், கூடத்தில்தான் உட்காருவேன் என்றால் அவர்கள் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவ்வளவு பெரிய டிவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதற்கு அடுப்படியே மேல். ஊர் சொன்னால் உள்ளே இருந்துகொள்வேன், எனக்குப் பழகிவிட்டது. நீ சொல்லாதே அப்பு.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு, அனுப்பிய பருப்புப் பொடியை நண்பர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே. மாரியாத்தா உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள், நல்லா இருப்பாய். ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த மேட்ச் அன்று பெலிக்ஸ் போனுக்கு வேண்டாம், என் போனுக்குக் கூப்பிடு. நம் ஆட்கள் தோற்றுக்கொண்டிருந்தாலும் கூப்பிடு.

இப்படிக்கு
உன் அம்மா
மு. பாண்டிச்செல்வி