கழித்த மூன்று வினாடி

ஜூன் 2

என் அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை தந்திருக்கிறார்கள். நம் வாணக் குண்டுகளும் குழாய்களும் அதில்தான். வாணவேடிக்கைப் போட்டிக்கு மொத்தம் ஏழு நாட்டுக் குழுக்கள், நம் முறை ஜூன் 20. ஒத்திகைக்கு ஒரு குண்டுகூட வெடிக்க விடமாட்டார்களாம். இசையும் வெடியும் முதல் தடவையிலேயே சேர வேண்டும், சொதப்பினால் அவ்வளவுதான்.

ஆறு வருஷமாக நீ பாட்டைக் கேட்டு வினாடிக் கணக்கு போடுவாய், நான் கொளுத்துவேன். இந்தத் தடவை நீ பக்கத்தில் இல்லை. ஆனாலும் உன் பட்டியலைக் கணினியில் ஏற்றிவிட்டேன். குண்டு மேலே போய் வெடிக்க மூன்று வினாடி ஆகுமே, ஒவ்வொரு வரியிலும் மூன்றைக் கழித்துவிட்டேன். பார்த்தாயா, நானும் கற்றுக்கொண்டேன்!

அம்மாவுக்கு ஒரு முத்தம். உனக்கு இரண்டு.

உன் வாலு


ஜூன் 8

அருமை வாலுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். பேப்பரில் உன் படம் வந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரியிலிருந்து தையல்காரர் வரை அம்மா காட்டியாயிற்று. "எல்லாம் என் சின்னவ பண்றது. பெரியவளும் கூடமாட ஒத்தாசையா இருப்பா" என்றாள், நான் நிற்கும்போதே.

கூடமாட! அந்தப் பாட்டை நானூறு தடவை கேட்டவள் நான். தேர்வு வீடியோவில் குழாய்க்கு முன்னால் நின்று பல்லைக் காட்டியவள் நீ. தலைவி என்று உன்னைக் கூப்பிட்டார்கள், நீயும் துள்ளிக்கொண்டு போய்விட்டாய். அக்காவும் வரட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? சரி, விடு. படத்தில் கோட்டு எடுப்பாக இருக்கிறது. அது என்னுடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது.

இன்னொன்று. பட்டியலில் அந்த மூன்று வினாடியை நானே கழித்துத்தான் எழுதியிருக்கிறேன். எப்போதுமே அப்படித்தான். நீ மறுபடி கழித்ததால் எல்லாம் முன்னாடியே வெடித்துவிடும். உடனே திருத்திவிடு. உன் கடிதம் கண்ட கையோடு இதை எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 22

அக்கா,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. நம் முறை அதற்கு முந்தைய நாளே முடிந்துவிட்டது.

வயலின் மெதுவாக இழுக்கும் இடத்தில் குண்டுகள் கொட்டித் தீர்த்தன. இசை உச்சத்துக்குப் போனபோது வானம் வெறும் இருட்டு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஏழு குழுவில் நாம் ஏழாவது.

தப்பு என்னுடையது. கை வைக்கும் முன் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கடிதத்தில் ஜூன் 8 என்று தேதி போட்டிருக்கிறாய். உறையில் நம் ஊர் முத்திரை ஜூன் 16. இடையில் எட்டு நாள் அது எங்கே இருந்தது? ஒரு போன் போதுமே, அக்கா.

இந்த உறைக்குள் போட்டியின் கையேடு ஒன்று வைத்திருக்கிறேன். நம் பக்கத்தில் உன் படம்தான் பெரிதாக இருக்கிறது, நான் கொடுத்ததுதான். அம்மாவிடம் காட்டு.

தங்கை


ஜூலை 1

வாலு,

தபால்காரர் மேல் பழி போட்டு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

ஜூன் 8 கடிதம் அந்த எட்டு நாளும் என் கைப்பையில்தான் இருந்தது. தினமும் தபால் பெட்டியைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். எழுதியாயிற்று, இனி என் மேல் குற்றமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை. கையேட்டை அம்மாவிடம் காட்டவில்லை. காட்ட முகமில்லை.

போன் என்று கேட்டாய். மூன்று தடவை கையில் எடுத்தேன். நான் கூப்பிட்டால் நீ "அக்கா!" என்று சந்தோஷமாகக் கத்துவாய். அதைக் கேட்டால் அந்த மூன்று வினாடியைச் சொல்லிவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் வைத்துவிட்டேன்.

அக்கா