நாலு நிமிடத்துக்குப் பூஜ்யம்

மார்ச் 3, செவ்வாய்

வகுப்பறைத் திரையை ஆசிரியர்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று அளந்து மதிப்பெண் போடுவது என் வேலை. கையில் ஸ்டாப்வாட்ச். இன்று மூன்றாவது பள்ளி.

கணக்கு டீச்சர் திரையில் ஒரு கூம்பைச் சுழலவிட்டார். குறுக்கே ஒரு வெட்டு. நாலே நிமிடம், அணைத்துவிட்டார். "சாய்ச்சு வெட்டினா என்ன வடிவம் வரும்? பார்க்காம சொல்லுங்க." அவ்வளவுதான், வகுப்பே ரெண்டுபட்டது. "முட்டை மாதிரி!" "போடி, வட்டம்தான்!" களிமண்ணில் கூம்பு பிடித்து, ஸ்கேலால் அறுத்துப் பார்த்தார்கள். வெட்கமில்லாமல் நானும் எட்டிப் பார்த்தேன்.

ஆனால் மதிப்பெண் படிவத்தின் ஏழாம் விதி: பதினைந்து நிமிடத்துக்குக் குறைந்தால் பூஜ்யம். பக்கத்து அறையில் ஒரு சார் நாற்பது நிமிடம் வீடியோ ஓட்டினார். பாதிப் பிள்ளைகள் தூக்கம். அவருக்கு முழு மதிப்பெண்!

டீச்சர் ஒப்பந்த ஊழியர். பூஜ்யம் வாங்கினால் வேலை போய்விடும்.

மார்ச் 4

ஏழாம் விதியை எழுதிய புண்ணியவதி யார்? நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தில் "ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்கம்மா" என்றார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தப் படிவத்துக்காகத்தான் எனக்குப் பதவி உயர்வே கிடைத்தது.

மார்ச் 6

விதி தப்பு என்று சொல்லத்தான் இயக்குநர் அறைக்குப் போனேன். வாய் வரவில்லை. "இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். கோழை.

வீட்டில் இவர், "இன்னிக்கு யாருக்கும்மா பூஜ்யம்?" என்றார். எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மார்ச் 12

மறுபடி அதே வகுப்பு. தலைமையாசிரியை சொல்லிவைத்திருப்பார் போல. முப்பத்தெட்டு நிமிடம் வீடியோ. ஒரு பெண் கை தூக்கினாள். டீச்சர் கண்ணாலேயே அடக்கினார். யாரும் வாய் திறக்கவில்லை.

முழு மதிப்பெண். போட்டேன்.

டீச்சர் வாசல்வரை வந்து கேட்டார்: "இப்ப சரியா இருக்கா மேடம்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பயந்துபோய்க் கேட்டார். என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான்!

மார்ச் 13

பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய்த்தான் முடிந்தது. அந்த வீடியோ பாடத்தை மாதிரிப் பாடம் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப் போகிறார்களாம். நான் கையெழுத்துப் போடணுமாம்.

மாட்டேன்.

மார்ச் 16

கடிதம் கொடுத்துவிட்டேன். 'ஏழாம் விதி நான் எழுதியது. அது தவறு. முதல் நாள் பார்த்ததுதான் நல்ல பாடம். டீச்சர் வேலையில் நீடிக்க வேண்டும்.'

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்கம்மா."

"தெரியும் சார்."

மார்ச் 30

டீச்சருக்கு ஒப்பந்தம் நீண்டிருக்கிறது. எனக்குப் பதவி இறங்கியிருக்கிறது. இவர் டீ போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 2

புதுப் படிவம், ஏழாம் விதி இல்லை. புது அதிகாரி, என்னைவிட எட்டு வயது சின்னவர். அவருடைய ஃபைலை வைத்துக்கொண்டு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அதே டீச்சர், வேறு பிள்ளைகள். திரையில் கூம்பு சுழன்றது. நாலாம் நிமிடம் அவர் கை சுவிட்ச்வரை போய் அப்படியே நின்றது. அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தலையாட்டினேன். அணைத்தார்.

அப்புறம் மணி அடிக்கும்வரை வகுப்பில் ஒரே சத்தம்.